ஒரு சொட்டும் கீழே விழவில்லை

என் வண்டிக்குக் குடிகார வண்டி என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். "தண்ணி போடாம ஒரு நாளும் கெளம்பாது" என்று அரிசி மில்லில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சேர்ந்தது. டீக்கடையில் ஒருவன், "இன்னாக்கா, வண்டிக்குக் காலைல கட்டிங் ஊத்தியாச்சா" என்று கேட்டான். "ஊத்தியாச்சி, ஊறுகாதான் பாக்கி, நீ வர்றியா" என்று கேட்டுவிட்டு வந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

என் அம்மா வீட்டு நிலம் பிரிந்தபோது என் பங்குக்கு வந்ததை வைத்து வாங்கின பழைய பெட்ரோல் கார் அது. வெள்ளை நிறம், ஒரு பக்கம் இடிபட்டு டிங்கரிங் செய்தது. நகையாக வாங்கிப் போட்டுக்கொள் என்று எல்லாரும் சொன்னார்கள். நகை பீரோவில் தூங்கும். வீட்டில் யாருக்காவது அவசரம் என்றால் அடகுக்குப் போகும். அப்புறம் கல்யாண போட்டோவில்தான் அதைப் பார்க்க வேண்டும். காரில் நானே உட்காரலாமே என்று வாங்கிவிட்டேன். லைசென்ஸ் எடுத்து, டிரிப் அடிக்க ஆரம்பித்தேன்.

பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகிற கல்யாண வீட்டுக்காரர்கள், மழை நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று ஏதாவது ஒரு டிரிப் வந்துகொண்டே இருக்கும். வாங்கின புதிதில், "உன் காரு" "உன் காரு" என்று வீட்டில் எல்லாரும் கேலி பண்ணினார்கள். அது நன்றாக ஓட ஆரம்பித்ததும் "நம்ம வூட்டு வண்டி" ஆகிவிட்டது. டயர் தேய்ந்தால் மட்டும் மறுபடி என் வண்டி.

தண்ணீர்ப் பிரச்சினை தொடங்கியது மார்கழியில். காவாந்தண்டலத்தில் ஒரு அக்கா இருக்கிறார். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், கிட்னி கெட்டுப்போய் வாரத்தில் இரண்டு நாள் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். கூட்டிக்கொண்டு போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. அன்றைக்கு அவரை ஏற்றிக்கொண்டு பாதி வழி போயிருப்பேன், என்ஜின் சூட்டைக் காட்டுகிற ஹீட் முள் மேலே ஏறியது. உடனே ஓரங்கட்டி ஆஃப் செய்துவிட்டேன். பானட்டைத் திறந்து பார்த்தால் என்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட் டப்பா காலியாக இருந்தது. முந்தின நாள்தான் நானே பச்சைக் கூலன்ட் வாங்கி, டப்பாவில் போட்டிருக்கிற கோடு வரைக்கும் ஊற்றி மூடியிருந்தேன்.

அக்கா இறங்கி மதகுக்கட்டையில் உட்கார்ந்துகொண்டார். கையில் ஒரு சின்ன பாட்டில். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து சொல்லியிருக்கிற தண்ணீர் அது.

"எனக்கு வாய நனைக்கத்தான் தண்ணி குடுக்கறாங்க. உன் வண்டி எனக்கும் சேத்துக் குடிக்குது பாரு," என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா ஒண்ணு, பின்னாடி உக்காந்துக்கினு வர சொல்ல நல்லா வெல்லம் காச்சுற வாசன வருது. உனக்கு வரல?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது வாசனையைப் பற்றிப் பேசத் தெம்பு இல்லை. அந்த வழியாக வந்த ஷேர் ஆட்டோவை நிறுத்தி அவரை ஏற்றிவிட்டேன். நெருக்கி உட்கார்ந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் போனதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. என்னை நம்பித்தான் அவர் பஸ்ஸை விட்டிருந்தார்.

வண்டி ஆறின பிறகு பக்கத்து மோட்டார் கொட்டகையில் தண்ணீர் பிடித்து ஊற்றி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன். அங்கே எனக்கு முன்னாடியே சேதி வந்திருந்தது. என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். லாரி டிரைவர். ஓனரோடு சண்டை போட்டுவிட்டு வேலையை விட்டு வந்து, அந்த மார்கழி முழுக்க வீட்டில்தான் இருந்தான்.

"அண்ணி, ஸ்டீரிங்க புடிச்சா மட்டும் போதாது. தண்ணி பாக்கணும், முள்ள பாக்கணும். வண்டின்னா சும்மா இல்ல," என்றான்.

"தண்ணி பாத்தேன். முள்ளையும் பாத்தேன். பாத்ததாலதான் நிறுத்தினேன்."

"ஊத்தின தண்ணி எங்க போவும் அப்ப? ஆவியா பூடுச்சா?"

அவன் கிண்டலாகத்தான் கேட்டான். அதுதான் சரியான கேள்வி என்று எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தெரியவில்லை.

அதற்கப்புறமும் அந்த மாதத்தில் இரண்டு முறை ஹீட் ஆனது. ஒரு முறை மாப்பிள்ளை வீட்டார் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் முடிவு சொல்லிவிட்டார். "இன்னொரு வாட்டி ஹீட் ஆச்சின்னா சாவிய தம்பி கைல குடுத்துடு. அவனுக்கும் வேலையில்ல. வண்டி தெரிஞ்சவன் ஓட்டட்டும். நீ வூட்டப் பாத்துக்க."

கொழுந்தன் தட்டைப் பார்த்துக்கொண்டு ரசத்தை உறிஞ்சினான். அவனுக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டிருக்கும். வேறு வீட்டில் பாத்திரம் தேய்த்தாவது பிழைத்துக்கொள்வேன், சாப்பாட்டுக்குப் பயமில்லை. ஆனால் அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் மட்டும்தான் என்னிடம் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. நான்தான் மற்றவர்களைக் கேட்கிறேன், எங்கே போகணும் என்று. அதை ஒரு ரசம் சாதத்தின் நடுவில் எடுத்துக் கொடுத்துவிட நான் தயாராக இல்லை. "ஹீட் ஆவறதுக்கு நான் காரணம்னு காட்டுங்க, சாவி தரேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் காலையில் கூலன்ட் டப்பாவில் பச்சைத் தண்ணீர் எந்த அளவில் நிற்கிறதோ அங்கே என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். டப்பா மூடியைச் சுற்றி ஏற்கெனவே மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. ஆயுத பூஜைக்கு என் மாமியார் வைத்தது. அவர் வைக்க ஆரம்பித்தால் ஸ்டீரிங், பேட்டரி, ரேடியேட்டர் மூடி, டூல்ஸ் பை எதையும் விடமாட்டார். எங்கள் பக்கத்தில் எந்த வண்டியின் பானட்டைத் திறந்தாலும் இப்படித்தான் இருக்கும், அதனால் அந்த மஞ்சளை யாரும் ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. நானும் பார்க்கவில்லை. நான் பார்த்தது என் பொட்டைத்தான். ஒரு சின்ன டிரிப் போய் வந்து, ஆறவிட்டுப் பார்த்தால் தண்ணீர் பொட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.

சரி, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். வாசலில் மண் தரை, ஒழுகினால் தெரியாது. என் வீட்டுக்காரரின் சலவை வேட்டியை எடுத்து வண்டிக்கு அடியில், ரேடியேட்டரில் இருந்து என்ஜின் பின்பக்கம் வரைக்கும் விரித்துவிட்டுப் படுத்தேன். காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது அவர் வேட்டியைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னா வேல பண்ணிக்கினு கீற நீ?"

"உங்க வண்டி ஒயுவுதான்னு பாத்துக்கினு கீறேன். நம்ம வூட்டு வண்டின்னு சொன்னீங்களே, அதான் நம்ம வூட்டு வேட்டி."

வேட்டியை உதறிக் காட்டினேன். கொஞ்சம் புழுதி, ஒரு புளியிலை. ஈரம் இல்லை, பச்சைக் கறை இல்லை, ஒரு சொட்டும் கீழே விழவில்லை. உள்ளே கால் வைக்கிற இடத்தில் மிதியடியைத் தூக்கி, அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். அங்கேயும் காய்ந்துதான் இருந்தது. அவர் வேறு வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

கீழே விழவில்லை, உள்ளேயும் வரவில்லை. ஆனால் குறைகிறது. இதை யோசித்துக்கொண்டே வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். சைலன்ஸரிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. பனிக் காலத்தில் எல்லா வண்டிக்கும் காலையில் கொஞ்சம் வரும், அதைச் சொல்லித்தான் இவ்வளவு நாள் நானும் சும்மா இருந்தேன். அன்றைக்கு நான் நகரவில்லை. வெயில் ஏறி, எங்கள் தெருவில் கிளம்பின பைக்கெல்லாம் புகை விடுவதை நிறுத்தின பிறகும் என் வண்டி விட்டுக்கொண்டிருந்தது. குனிந்து முகர்ந்தேன். காவாந்தண்டலத்து அக்கா சொன்ன வாசனை. இனிப்பாக, ஆலையில் பாகு காய்ச்சுகிற மாதிரி. கூலன்ட் கேனைத் திறந்து முகர்ந்தால் அதே இனிப்பு. என் வண்டி தண்ணீரைக் குடிக்கவும் இல்லை, கீழே கொட்டவும் இல்லை. பெட்ரோலோடு சேர்த்து எரித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே வண்டியை உத்திரமேரூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என்னைவிட வயதில் பெரியவர். வேலை தெரிந்தவர், ஆனால் பேச்சுக் கேட்கப் பொறுமை கிடையாது. நான் பொட்டு, வேட்டி, புகை எல்லாவற்றையும் சொல்லி முடிக்குமுன்னே பானட்டுக்குள் தலையை விட்டுவிட்டார்.

என்ஜின் நன்றாக ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, மூடாமலே ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். உலை கொதிக்கிற மாதிரி உள்ளே குமிழி குமிழியாக வந்தது. என்ஜின் இன்னும் சூடாகவே இல்லை. "பாத்தியாமா, இது கொதிக்கல. என்ஜின்ல எரியிற காத்து தண்ணிக்குள்ள வருது. காத்து இந்தப் பக்கம் வந்தா, தண்ணி அந்தப் பக்கம் போவும்." அப்புறம் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். எல்லாம் கரி பிடித்திருக்க, ஒன்று மட்டும் சோப்புப் போட்டுக் கழுவின மாதிரி பளிச்சென்று இருந்தது. அந்த சிலிண்டரில்தான் தண்ணீர் இறங்கி, ஆவியாகி, பிளக்கைக் கழுவிக்கொண்டிருந்தது. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலந்து மோராகவில்லை, அந்த மட்டில் தப்பித்தது என்றார்.

"ஹெட் கேஸ்கட் பூடுச்சி. ஹெட்ட எறக்கணும்," என்று கையைத் துடைத்தார். என்ஜினின் மேல் மூடிதான் ஹெட்; எரிகிற இடமும் தண்ணீர் ஓடுகிற வழியும் கலக்காமல் அதற்கு அடியில் அடைத்து வைக்கிற தகடு கேஸ்கட்.

"ஏன் போச்சி?"

"ஹீட்ல ஓட்டினா போவும்."

"நான் முள் ஏறினதும் நிறுத்திட்டேண்ணே. ஒவ்வொரு வாட்டியும்."

"போனது போச்சிமா. மாத்திட்டா ஓடப் போவுது. ஏன் போச்சி எதுக்குப் போச்சின்னு ஜாதகமா பாக்க முடியும்?"

"பாக்கணும்ண்ணே. புதுசு போட்டு அதுவும் போச்சின்னா என் சாவி போயிடும். முதல்ல ஹீட் ஆனது ஏன்னு தெரியாம நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பேஜார் பண்ணுகிறாளே என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். நான் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஹெட்டை இறக்குகிற அன்றைக்கு என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் வந்துவிட்டார்கள். கேஸ்கட் வெந்துபோயிருந்தது, ஒரு சிலிண்டருக்கும் தண்ணீர் ஓடுகிற ஓட்டைக்கும் நடுவில் கறுத்து அறுந்திருந்தது. மெக்கானிக் ஹெட்டின் மேல் ஒரு இரும்புப் பட்டையை நிறுத்தி, அடியில் வெளிச்சம் வருவதைக் காட்டினார். ஹெட் வளைந்திருந்தது. செம சூட்டில் ஓட்டியிருந்தால்தான் இப்படி வளையும் என்றார்.

"நான் இன்னா சொன்னேன்," என்றான் கொழுந்தன் அண்ணனைப் பார்த்து. "முள்ள பாக்காம ஓட்டிக்கீறாங்க."

என் வீட்டுக்காரர் என்னிடம் கையை நீட்டவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் நீட்டுவார் என்று தெரிந்தது. நான் மெக்கானிக்கிடம் திரும்பி, "தெர்மோஸ்டாட்ட கழட்டுங்கண்ணே. ரேடியேட்டரையும் எறக்குங்க," என்றேன்.

"அது எதுக்குமா இப்ப?"

"தண்ணி ஓடற வழி எல்லாத்தையும் பாக்கணும். கூலி குடுக்கறது நான். கழட்டுங்க."

கழற்றினார். தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற ஒரு சின்ன வால்வு. அது இருக்கிற கூட்டைப் பிரித்ததும் அவர் கை நின்றது. உள்ளே சேறு மாதிரி எதுவோ கட்டியாக அப்பியிருந்தது. பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம். ஸ்க்ரூ டிரைவர் முனையில் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் தேய்த்தார். துணியில் பளீரென்று மஞ்சள் இழுத்தது. முகர்ந்து பார்த்தார்.

"இன்னாடா இது, சாம்பார் வாசன வருது."

ரேடியேட்டரின் அடி ஹோஸைப் பிடுங்கினபோது அதிலிருந்தும் அதே மஞ்சள் களி வந்தது. பாதிக் குழாய்கள் அடைத்துக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பூஜ மஞ்சளா இருக்கும். எங்கம்மாதான் எல்லாத்துக்கும் வெப்பாங்க. மூடியெல்லாம் மஞ்சள்தான்."

பெற்ற தாயையே மாட்டிவிட்டார் பாருங்கள். "மூடி மேல தொட்டு வெச்ச மஞ்சள் உள்ள எப்படிப் போவும்?" என்றேன். "ஒரு பொட்டு மஞ்சள் இவ்ளோ களி ஆவுமா?"

மெக்கானிக் தலையை ஆட்டினார். "இது பூஜ மஞ்சள் இல்ல. இது லாரிக்காரன் வைத்தியம். ரேடியேட்டர் ஒயுவிச்சின்னா ஒரு பாக்கெட் மஞ்சத்தூள உள்ள கொட்டுவாங்க. அது ஓட்டைல போய் அடச்சிக்கும். எப்படியாச்சும் ஊர் வந்து சேந்துடலாம். வந்ததும் சுத்தமா கயுவி எடுத்துடணும். எடுக்கலன்னா எல்லா எடத்துலயும் அடச்சிக்கும்."

எங்கள் வீட்டில் லாரி ஓட்டினவன் ஒருத்தன்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் மறைப்பான், சத்தியம் பண்ணுவான் என்று நினைத்தேன். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"ஆமா, நான்தான் போட்டேன். கார்த்திகை அமாவாசைக்கு வண்டிய வாங்கிக்கினு மேல்மலையனூர் போனேன் இல்ல, அப்ப செஞ்சி ஊருகிட்ட ரேடியேட்டர் ஒயுவிச்சி. ஆவி அடிச்சிது. கூட வந்த பசங்க கோயிலுக்குப் போயே ஆவணும்னாங்க. கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டி, கட வந்ததும் மஞ்சத்தூள் வாங்கிக் கொட்டினேன். நான் இல்லன்னா வண்டி நடுரோட்ல நின்னுக்கினு இருந்திருக்கும். அதுக்கப்புறம் ஒரு சொட்டு ஒயுவுச்சா, சொல்லுங்க அண்ணி. நீங்களே வேட்டி போட்டுப் பாத்தீங்க இல்ல?"

அவன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே என் வண்டியைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். நன்றி சொல்லாததுதான் என் குறை என்கிற மாதிரி நின்றான். இப்போது எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. ஆவி அடிக்கிற வண்டியைச் செஞ்சி ரோட்டில் ஓட்டினபோதே ஹெட் வளைந்திருக்கும் என்றார் மெக்கானிக். மஞ்சள் வெளி ஓட்டையை அடைத்தது, கூடவே தெர்மோஸ்டாட்டையும் குழாய்களையும் அடைத்தது. அதனால் என் கையில் வந்தபோது மறுபடி மறுபடி ஹீட் ஆனது. நான் வாங்கி ஊற்றினது பச்சைக் கூலன்ட். பச்சையில் மஞ்சள் கலந்தால் யாருக்குத் தெரியப்போகிறது. வெளியே மூடியில் இருந்த மஞ்சளைத்தான் கண் பார்த்துப் பழகியிருக்கிறதே.

"மார்கழி முழுக்க எனக்கு முள் பாக்கத் தெரியலன்னு சொன்னியே," என்றேன். "மஞ்சத்தூள் போட்டேன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"அது ஒரு மேட்டராண்ணி. லாரில எத்தினி வாட்டி போட்டிருக்கோம்."

"சரி உடு," என்றார் என் வீட்டுக்காரர். "தெரிஞ்சா செஞ்சான்? வேலைய முடிச்சி வண்டிய எடு."

நான் வண்டியைக் கெடுத்தேன் என்று நினைத்தபோது சாவியைக் கொடு என்றார். தம்பி கெடுத்தான் என்று தெரிந்ததும் சரி, விடு. இரண்டும் ஒரே வாய். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஹெட்டைத் தூக்கி யார் காலிலாவது போட்டிருப்பேன். அது வளைந்த ஹெட், இன்னும் வளையக் கூடாது என்று விட்டேன்.

"உட மாட்டேன்," என்றேன். "இனிமே இந்த வண்டிய என்னத் தவிர யாரும் எடுக்கக் கூடாது. கோயிலுக்கும் இல்ல, குளத்துக்கும் இல்ல. தெரிஞ்சவனும் ஓட்ட வேணாம், தெரியாதவனும் ஓட்ட வேணாம்." மெக்கானிக் தலையை நிமிர்த்தாமல் போல்ட்டுகளைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழ வேண்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன். அவர் காதில் விழுந்தால் உத்திரமேரூர் காதில் விழுந்த மாதிரி.

வீட்டில் என் மாமியாருக்கு விஷயம் தெரிந்தபோது அவருக்கு வந்த கோபம் வேறு. தன் பூஜை மஞ்சள் மேல் பழி போட்டார்கள் என்பதில்தான் அவர் நின்றார். இரண்டு பிள்ளைகளையும் நிற்கவைத்து, "நான் வெச்சது பொட்டு. இவன் வெச்சது கொயம்பு. அது கூடத் தெரியாம எம்மேல சொல்றியா," என்று மூத்தவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் சமையலறையில் நின்று நன்றாகக் கேட்டுக்கொண்டேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஹெட்டைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பி லேத்தில் சீவி வாங்கி, புது கேஸ்கட், புது தெர்மோஸ்டாட், வேறு ரேடியேட்டர் போட்டு வண்டி வெளியே வந்தது. காவாந்தண்டலத்து அக்காவை ஏற்றிக்கொண்டு போன முதல் நாள், அவர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இப்ப வெல்ல வாசன இல்ல. கொஞ்சம் வருத்தமாதான் கீது," என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நேரத்துக்கு இறக்கிவிட்டேன்.

தை முடிவதற்குள் கொழுந்தனுக்குப் புள்ளலூரில் பெண் பார்க்கப் போவது என்று முடிவானது. அவனுக்கும் மறுபடி லாரி வேலை கிடைத்திருந்தது. காலையில் குளித்து, புது வேட்டி சட்டையில், பவுடர் போட்டுக்கொண்டு அவன் வெளியே வந்தான். நேராக டிரைவர் பக்கக் கதவுக்குப் போய் என்னிடம் கையை நீட்டினான்.

"பின்னாடி ஏறு," என்றேன்.

அவன் அண்ணனைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் என்னைத் தனியாக இழுத்துப் போனார். "பொண்ணு வூட்டுக்குப் போறோம். ஆம்பள ரெண்டு பேர் உக்காந்துக்கினு வர, நீ ஓட்டிக்கினு போய் எறங்கினா இன்னா நெனப்பாங்க? இன்னிக்கு ஒரு நாள் அவன் ஓட்டட்டும். மரியாதையா இருக்கும்."

"மரியாத வேணும்னா பஸ்ல போங்க. இருவது நிமிசத்துக்கு ஒண்ணு வருது."

வரவே வராது. அது அவருக்கும் தெரியும். என் மாமியார் அதற்குள் பின் சீட்டில் ஏறி, கொழுந்தனை உள்ளே இழுத்து, அவன் மடியில் பூவும் பழமும் வைத்த தட்டை வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் முன்னாடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். புள்ளலூர் வயல்களில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. முள் நடுவில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நான் நிம்மதியாக ஓட்டினேன்.

பெண் வீட்டு வாசலில் பந்தக்கால் மட்டும்தான் நடவில்லை, அவ்வளவு கூட்டம். நான் வண்டியை நிறுத்தி இறங்கினேன். என் வீட்டுக்காரர் இறங்கி வேட்டியைச் சரிசெய்தார். மாமியார் பக்கத்துக் கதவைப் பெண் வீட்டுப் பெண்கள் வந்து திறந்து அவரைக் கைப்பிடித்து இறக்கிவிட்டார்கள். பெண்ணின் அப்பா வந்து கும்பிட்டார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, பானட்டைத் தட்டி, "மாப்ள வண்டி நல்லா வெச்சிக்கிறாரே," என்றார்.

அப்படியே விட்டுவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கண்ணால் கெஞ்சினார். மாமியார் என் முழங்கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். நல்ல காரியம் பேச வந்த இடம், ஒரு வார்த்தையில் என்ன குறைந்துவிடும் என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது. குறையும் என்று எனக்குத் தெரியும்.

"என் வண்டிங்க," என்றேன். "நான்தான் வெச்சிக்கிறேன்."

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அப்படியா, சரிம்மா, வாங்க," என்றார். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. "மாப்ள எங்க?"

மாப்பிள்ளை இன்னும் பின் சீட்டில்தான் இருந்தான். மடியில் தட்டோடு, அந்தப் பக்கத்துக் கதவின் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதால் பின்கதவுகளில் எப்போதும் சைல்டு லாக் போட்டு வைத்திருப்பேன், உள்ளேயிருந்து திறக்காது. கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நான் சுற்றிக்கொண்டு போய் வெளியிலிருந்து திறந்துவிட்டேன்.